பச்சைப் புள்ளி வைத்த ஒயர்

காரின் பானெட்டுக்குள் நாலு பாச்சை உருண்டை போட்டு வைத்தால் எலி வராது என்று எங்கள் குன்றத்தூர்த் தெருவில் எல்லோரும் நம்புகிறார்கள். நான் அதை மறுத்ததில்லை. பாச்சை உருண்டையால் எனக்கு எவ்வளவோ உபகாரம் நடந்திருக்கிறது.

தம்பி மாரி, இந்தக் கடிதத்தை என் மகள் வினோதினி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். "அந்த மெக்கானிக் அண்ணன் கிட்ட மன்னிப்புக் கேக்கணும். என்னென்ன பண்ணே, ஏன் பண்ணேன்னு ஒண்ணு வுடாம எழுதிக் குடுக்கணும். அப்பதான் உன்கூடப் பேசுவேன்" என்று சொல்லியிருக்கிறாள். ஆறு நாள் ஆகிறது. எழுத எனக்குத் தயக்கமில்லை. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் அன்றைக்கு என்ன செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். இதுவும் கம்பெனித் தாள்தான். பின்பக்கம் காலியாக இருந்தது.

என்னை நீ பலமுறை பார்த்திருக்கிறாய். உன் ஷெட்டுக்கு அந்த வெள்ளைக் கார் வரும்போதெல்லாம் பின்சீட்டில் இடது பக்கம் கைப்பையோடு உட்கார்ந்திருக்கும் மாமியார். என் பெயர் ஜெயம். மாப்பிள்ளை அஸ்வினிடம் வண்டியைப் பற்றி அரைமணி நேரம் பேசுவாய். என் பக்கம் திரும்பி, "இன்னாக்கா, வெயில் ஜாஸ்தியா கீதா" என்று மட்டும் கேட்பாய். அதில் எனக்கு வருத்தமில்லை. வசதியாகவே இருந்தது.

நான் வேலை செய்வது வடக்குப்பட்டு பக்கத்தில், கார்களுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில். பானெட்டைத் திறந்தால் பேட்டரி பக்கத்தில் மூடி போட்ட ஒரு கறுப்பு டப்பா இருக்குமே, ஃப்யூஸ் பாக்ஸ், அந்த லைனில் கடைசி செக்கிங் நான். உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வினோதினியும் படிப்பாள் என்பதால் சொல்கிறேன். ஹெட்லைட்டிலிருந்து ஹாரன் வரைக்கும் எல்லாக் கரண்டும் அந்த டப்பா வழியாகத்தான் போகும். எந்த ஓட்டையில் எந்த ஒயர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டியும் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒயரை நடுவில் வெட்டி, முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றி விடுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஒயர் முனையில் டெர்மினல் என்கிற பித்தளைத் தகடு வைத்து, மெஷினில் அழுத்தி, அதாவது கிரிம்ப் அடித்து, இழுத்துப் பார்த்து, அப்புறம் செருக வேண்டும். நான் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்தேன். என் மேல் எந்தக் குற்றம் சொன்னாலும் வேலை மட்டம் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வினோதினி தண்டலத்தில் ஒரு காலேஜில் பாடம் நடத்துகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவளும் அஸ்வினும் எங்களோடுதான் இருக்கிறார்கள். கார் அஸ்வினோடு வேலைக்குப் போய்விடும். அவள் விடிந்ததும் கிளம்பி இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ்ஸிலேயே தூங்கி ஒருநாள் காஞ்சிபுரம் வரைக்கும் போய்விட்டாள். அஸ்வினை அவன் சொந்தக்காரர்கள் வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி பேசுகிறார்கள். அதனால் தண்டலத்திலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு தனியாகப் போகலாம் என்று சித்திரை மாதம் இருவரும் முடிவு செய்தார்கள். சாப்பிடும்போது சொன்னார்கள். நான் அஸ்வினுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

நான் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போவதைத் தடுக்கிற அம்மா நான் இல்லை. அந்த மாதிரிப் பெண்களை எனக்குத் தெரியும், எங்கள் லைனிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அழுவார்கள், சாப்பிட மாட்டார்கள், மயக்கம் போட்டு விழுவார்கள். எனக்கு அந்த ஆர்ப்பாட்டமெல்லாம் பிடிக்காது.

முதல் கனெக்‌ஷன் அதற்கு முன்பே கொடுத்தது. அது முழுக்க நல்ல எண்ணம். கார் வாங்கிய புதிதில் பின்சீட்டில் போன் சார்ஜ் போட வழியில்லை. அஸ்வின் கடையில் கொடுத்துச் செய்யலாம் என்றான். எவனோ ஒருவன் ஒயரை வெட்டி முறுக்குவதற்கு நான் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது ஃப்யூஸ் பாக்ஸில் காலியாக இருந்த ஓர் ஓட்டையில் தனி ஃப்யூஸ் போட்டு, ஒயரைக் கார்ப்பெட்டுக்கு அடியில் கொண்டுபோய், பின்சீட்டுக்குக் கீழே சார்ஜிங் பாயின்ட் வைத்துவிட்டேன். எதிர்வீட்டு லீலா கோலம் போட வந்தவள், "இன்னாக்கா, பானெட்டுக்குள்ள தலையை வுட்டுக்கினு இன்னா பண்ற?" என்று கேட்டாள். "எலிக்குப் பாச்சை உருண்டை போடறேன்டி" என்றேன். "எனக்கும் ரெண்டு குடு" என்றாள். கொடுத்தேன்.

அஸ்வின் இரண்டு நாள் கழித்துத்தான் அந்தப் பாயின்ட்டைப் பார்த்தான். "பரவால்லையே, பின்னாலயும் குடுத்துருக்கான். நாமதான் பாக்கல" என்று வினோதினியிடம் சொன்னான். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பானெட்டுக்குள் நான் எதைச் செய்தாலும் அது காரோடு வந்தது என்று இவர்கள் நினைத்துக்கொள்வார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது கனெக்‌ஷன்தான் நீ கண்டுபிடித்தது. காந்த ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு. காந்தம் பக்கத்தில் இருந்தால் கரண்ட் போகும், காந்தத்தை எடுத்துவிட்டால் நின்றுவிடும். கம்பெனியில் எங்கள் மெஷின்களில் நிறைய இருக்கின்றன. ஆனால் கம்பெனிப் பொருளில் நான் கை வைத்ததில்லை. சனிக்கிழமை லீவு போட்டு எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கினேன். காரை ஸ்டார்ட் செய்யும் ரிலேக்குப் போகும் ஒயரை அந்த ஸ்விட்ச் வழியாகச் சுற்றிவிட்டேன். ஸ்விட்சைப் பின்சீட்டின் இடது பக்கம், கால் வைக்கும் இடத்தில் போட்டிருக்கும் ரப்பர் மேட்டுக்கு அடியில் வைத்தேன். காந்தம், எங்கள் ஊர்க் கோயில் மலையடிவாரத்தில் விற்கும் முருகன் படம் போட்ட ஃப்ரிட்ஜ் காந்தம். அது மேட்டுக்கு அடியில் இருந்தால் கார் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். என் கைப்பையில் இருந்தால், நான் ஏறி உட்கார்ந்து பையைக் காலடியில் வைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும்.

பெட்ரோல் போகிற ஒயரில் கை வைத்திருந்தால் இன்னும் சுலபம். ஆனால் ஓடுகிற வண்டி நடுரோட்டில் நின்றுவிடலாம். பெத்த பெண்ணும் மாப்பிள்ளையும் போகிற கார். அந்தப் பாவத்தை நான் செய்வேனா. கிளம்பவிடாமல் மட்டும்தான் செய்தேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் வீட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். அஸ்வின் சாவியைத் திருப்பினான். ஒன்றும் இல்லை. ஆட்டோ கியர் வண்டி, தள்ளியும் ஸ்டார்ட் செய்ய முடியாது. தெருவே கூடியது. ஒருவர் பேட்டரி என்றார், ஒருவர் செல்ஃப் மோட்டார் என்றார், லீலா திருஷ்டி என்றாள். என் வீட்டுக்காரர் ரங்கநாதன் மட்டும் டி.வி. முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து நான் சும்மா வந்து பின்சீட்டில் உட்கார்ந்து, பையைக் கீழே வைத்து, "இன்னொரு தடவ பாருங்க மாப்பிள்ளை" என்றேன். ஸ்டார்ட் ஆகிவிட்டது. பழுது வந்த வண்டியை வைத்துக்கொண்டு வீடு பார்க்கவா போக முடியும்? உன் ஷெட்டுக்குத்தான் வந்தோம்.

உன்னிடம் விடும்போது காந்தத்தை மேட்டுக்கு அடியில் வைத்துவிட்டு இறங்கினேன். நீ நாற்பது தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தாய். "வண்டி சூப்பரா கீது சார். ஒரு மிஷ்டேக்கும் இல்ல" என்றாய். நீ சொன்னது சரிதான். அடுத்த வாரமும் அதேதான் சொன்னாய். மூன்றாவது வாரம் அஸ்வின் உன்னிடம் குரலை உயர்த்தினான். அதன் பிறகு லீலா தெரு வாட்ஸ்அப் குரூப்பில் "மாரி ஷெட்டில் யாரும் வண்டி விட வேண்டாம், அவருக்கு வேலை தெரியவில்லை" என்று போட்டாள். நான் எதுவும் எழுதவில்லை. கட்டைவிரல் படம் மட்டும் போட்டேன். எல்லோரும் போட்டிருந்தார்கள்.

எனக்குக் கைராசி இருக்கிறது என்ற பேச்சை நான் கிளப்பவில்லை. லீலாவின் கொழுந்தன் கன்னியப்பன் கம்பெனிகளுக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறவன், புது வேன் எடுத்தபோது நாலு எலுமிச்சம்பழத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். "யக்கா, நீ ஒரு நிமிசம் குந்து. அப்பால நான் சாவி போடறேன்" என்றான். உட்கார்ந்தேன். புது வேன், ஸ்டார்ட் ஆகாமல் என்ன செய்யும். தேங்காய் பழம் கொடுத்துவிட்டுப் போனான். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்காவா பொறுப்பு? ஆனால் அதற்குப் பிறகு அஸ்வினும் நம்பிவிட்டான். எங்கே போவதென்றாலும், "அத்தை, நீங்களும் வந்துடுங்க. வண்டி மக்கர் பண்ணும்" என்று கூப்பிடுவான்.

நான் மறுக்கவில்லை. கல்யாண நாளன்று இரண்டு பேரும் கோவளம் போனார்கள், நானும் போனேன். கடற்கரையில் அவர்கள் கையைக் கோத்துக்கொண்டு நடந்தபோது நான் இருபதடி பின்னாலேயே நடந்தேன். புருஷன் பெண்டாட்டி நடுவில் போய் நிற்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஐஸ்கிரீம் மூன்று வாங்கினார்கள். இரண்டு முறை சினிமாவுக்குப் போனோம். அந்த நான்கு மாதம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன், மாரி. அதையும் ஒன்று விடாமல் என்ற கணக்கில் எழுதிவிடுகிறேன்.

வீடு பார்க்கவும் என்னையே அழைத்துப் போனார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று. ஒரு வீடு மேற்குப் பார்த்தது. ஒரு வீட்டில் தண்ணீர் உப்பு. ஒரு வீட்டில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேராக ஒயின் ஷாப். ஒவ்வொன்றிலும் நான் பார்த்துச் சொன்னது உண்மையான குறை. செக்கிங் வேலை பார்த்த கண், பொய்யாக ரிஜெக்ட் செய்ததே இல்லை. ஆனால் ஆடி முடியப் போகும் நேரத்தில் சந்திரம்மாள் என்கிற ரிட்டயர்டு நர்ஸம்மாவின் வீட்டு மாடியில், அவர் இருக்கும் போர்ஷனுக்குப் பக்கத்து போர்ஷன் ஒன்று தெரியவந்தது. முதலில் போட்டோ அனுப்பினார்கள். நான் இரண்டு நாள் அந்தப் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிழக்குப் பார்த்த வாசல், நல்ல தண்ணீர், காலேஜுக்கு நடந்தே போகலாம். ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டைப் போல எரிச்சல் மூட்டிய வீட்டை நான் பார்த்ததில்லை.

சந்திரம்மாள் போனில் ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். சத்தம் கூடாது. அதனால்தான் மூன்றாவது கனெக்‌ஷன். பிரேக் மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியுமல்லவா, அந்த ஒயரிலிருந்து ஒரு குட்டி ரிலே வழியாக ஹாரனுக்கு ஒரு தொடுப்பு. இரண்டு முனையிலும் டெர்மினல் வைத்து வீட்டிலேயே தயாராக வைத்திருந்தேன். அன்று காலை செருகினேன், திரும்பி வந்ததும் எடுத்துவிட்டேன். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஹாரன் அடிக்கும். அஸ்வினுக்கோ பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கம்.

வழியெல்லாம் அடித்தது; மெயின் ரோட்டில் எல்லா வண்டியும் அடிப்பதால், நேரமாகிறது என்று அஸ்வின் பொறுத்துக்கொண்டு ஓட்டினான். அந்த அமைதியான தெருவுக்குள் நுழைந்ததிலிருந்து வாசல் வரைக்கும் பதினொரு தடவை அடித்தது. நாய்கள் எழுந்து கூடவே ஓடி வந்தன. சந்திரம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "வூடு பாக்க வந்தீங்களா, ஊர்வலம் வந்தீங்களா?" என்று கேட்டார். அஸ்வின் பதறிக் காரைப் பின்னால் எடுத்தான். அதற்கு இரண்டு தடவை அடித்தது.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் வினோதினி இறங்கிப் போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, காருக்கு நேரம் சரியில்லை என்றும், மூன்று மாதமாகப் படும் பாட்டையும், இரண்டு பஸ் கதையையும் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் சாவியோடு வந்தாள். என் மகள் அவ்வளவு கெட்டிக்காரி. எனக்குப் பெருமையாக இருந்தது. வரும் வழியெல்லாம் வாந்தி வருவதுபோலவும் இருந்தது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். ஒன்பதரையிலிருந்து பத்தரை நல்ல நேரம். பத்தரைக்கு மேல் ராகு காலம். அதற்கு மேல் அந்த மாதம் அவர்களுக்குச் சரியான நாளே இல்லை என்று ஜோசியர் சொல்லியிருந்தார். மாதம் தள்ளினால் புரட்டாசி, வீடு மாறமாட்டார்கள். அதன் பிறகு ஐப்பசியில் மழை. இதையெல்லாம் நான் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. காலண்டர் அப்படி இருந்தது.

அன்று காலை எனக்கு முட்டி வலி வந்தது. கைப்பையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். பெத்த அம்மா இல்லாமல் எந்தப் பெண்ணாவது பால் காய்ச்சுவாளா என்று ஒரு நம்பிக்கை. வினோதினி என் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். தைலம் தேய்த்துவிட்டாள். அப்புறம் எழுந்து, "சரிம்மா. நீ படு. நாங்க போயி பால் காச்சிட்டு உனக்கும் எடுத்துனு வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

எட்டே முக்காலுக்குக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பாலும் பானையும் குத்துவிளக்கும் அரிசியும் உப்பும் மஞ்சளும் பின்சீட்டில் இருந்தன. எல்லோரும் ஆட்டோ பிடி, ஆட்டோ பிடி என்றார்கள். முகூர்த்த நாள், ஒரு ஆட்டோவும் வரவில்லை. கடைசியில் வினோதினி உனக்குப் போன் செய்தாள். நீ அந்தக் காரை இனிமேல் தொட மாட்டேன் என்று சொன்னது ஜன்னல் வழியாக எனக்கே கேட்டது. அவள் கெஞ்சினாள். நீ பைக்கில் வந்தாய். உன் இடத்தில் நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன். அதற்காக உனக்கு ஒரு நன்றி.

நான் செய்த தப்பு அங்கேதான். அதுவரை எப்போதும் கார்தான் உன்னிடம் வந்தது, என்னோடும் காந்தத்தோடும் வந்தது. நீ காரிடம் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் உன் டெஸ்ட் லேம்ப் ஒவ்வொரு ஓட்டையாக வந்துகொண்டிருந்தது. படுத்தபடியே நேரத்தை வைத்து நீ எங்கே இருக்கிறாய் என்று கணக்குப் போட்டேன். சரியாக ஒன்பது இருபதுக்கு அந்த ஒயருக்கு வந்தாய்.

வந்தும் விட்டுவிட்டாய், மாரி. "மேடம், இந்த ஒயர் எங்கியோ சீட்டுக்குப் போது. ஆனா இது கம்பெனி வேலை. இந்த மாதிரி கிரிம்ப்பு வெளிய எவனும் அடிக்க மாட்டான். இதுல மிஷ்டேக் இருக்காது" என்று சொல்லி மூடியை எடுத்தாய். பத்தொன்பது வருஷத்தில் என் வேலையைப் பற்றி ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து வந்து உனக்குக் காபி போட்டுக் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது வினோதினி, "அண்ணே, மூடாதீங்க" என்றாள்.

எங்கள் லைனில் ஒரு முறை உண்டு. செருகிய கனெக்டரை இழுத்துப் பார்த்துச் சரியாக இருந்தால் அதன் மேல் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாதது வெளியே போகாது. கை தானாகச் செய்துவிடும். எங்கள் வீட்டு கேஸ் ரெகுலேட்டரில் பச்சைப் புள்ளி இருக்கிறது. அவள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போன டிஃபன் பாக்ஸ் மூடியில் இருந்தது. கல்யாண மேடையில் அவள் தாலிச் சங்கிலியின் கொக்கியை நான்தான் இழுத்துப் பார்த்தேன். அதிலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது, போட்டோவில்கூடத் தெரியும். திருட்டுத்தனமாக இழுத்த ஒயரிலும் நான் புள்ளி வைத்திருக்கிறேன். செக் செய்யாமல் விட மனசு வரவில்லை.

அந்தப் புள்ளியைத்தான் அவள் பார்த்துவிட்டாள்; ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், நான் பை வைக்கும் இடத்தில் மேட்டைத் தூக்கிப் பார்த்தாள். அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "பையைக் குடும்மா" என்றாள். கொடுத்தேன். உள்ளே கைவிட்டுக் காந்தத்தை எடுத்தாள். முருகன் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"கோவளத்துக்கும் இதுதானா?"

"ஆமாம்."

"நீ ஒரு தடவகூட என்னைப் போவாதன்னு சொல்லலியேம்மா. சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

"இருந்திருக்க மாட்டேன். உன்னைக் கட்டிப் புடிச்சு அழுதுட்டுப் போயிருப்பேன். இப்ப அதுவும் இல்லாம போறேன்" என்றாள்.

அதற்குள் வெளியே நீ என் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பழைய இரண்டு முனைகளையும் முறுக்கி டேப் சுற்றிக்கொண்டிருந்தாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு மிகவும் வலித்தது அதுதான் என்று நினைக்கிறேன். ஒன்பது ஐம்பதுக்குக் கிளம்பினார்கள். பால் பத்து இருபத்தெட்டுக்குப் பொங்கியதாக அஸ்வின் போட்டோ அனுப்பினான். அவன் நல்ல பிள்ளை. பொங்கிய பாலுக்குப் பக்கத்தில் சந்திரம்மாள் நிற்கிறார், நான் நிற்க வேண்டிய இடத்தில்.

அன்றிலிருந்து ஒரு பாயும் நாலு பாத்திரமுமாக அங்கேயே இருக்கிறார்கள். மற்ற சாமான்களை வருகிற ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போவார்கள்.

கம்பெனியில் ஒரு தவறு நடந்தால் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு, ஐந்து பதில் எழுதச் சொல்வார்கள். ஐந்தாவது பதில்தான் உண்மையான காரணம். வினோதினி ஏன் என்று எழுதச் சொன்னதால் அப்படியே முயன்றேன். கார் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை? ரிலேக்குக் கரண்ட் போகவில்லை. ஏன்? நான் நிறுத்தினேன். ஏன்? அவர்கள் தண்டலம் போவதாக இருந்தது. போனால் என்ன? அவளுக்குச் சரியாகச் சமைக்கத் தெரியாது, கேஸை மூடாமல் தூங்கிவிடுவாள். அதுவரை நன்றாக வந்தது. ஐந்தாவதில் பேனா நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதை எழுதுறதுக்கு இவ்ளோ நேரமா? அந்தப் பொண்ணு பூட்டா இந்த வூட்ல நீயும் நானும்தான். அதானே உனக்கு பயம்?" என்றார். முப்பது வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கார் பிரச்சினை ஆரம்பித்த முதல் வாரமே அவருக்குத் தெரியுமாம். ரிச்சி தெருக் கடையின் பில்லைப் பார்த்தாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எனக்கும் அதே பயம்தான்" என்றார்.

அவர் சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் சனிக்கிழமை காலை வழக்கம்போல எழுந்து டிஃபன் பாக்ஸ்களை எடுத்துவிட்டு, கட்டிக் கொடுக்க ஆளில்லை என்று ஞாபகம் வந்து, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் சத்தத்தைக் குறைத்தார், அவ்வளவுதான்.

தம்பி, என்னை மன்னித்துவிடு. உன் பெயரைக் கெடுத்தது நான். தெரு குரூப்பில், மாரி நல்ல மெக்கானிக், கோளாறு வண்டியில் இல்லை என்று எழுதிப் போட்டிருக்கிறேன். அப்படியானால் கோளாறு எதில் என்று யாராவது கேட்டால் சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள்.

இதுவரை எழுதிய தாள்களை வினோதினியிடம் காட்டு. இந்தக் கடைசித் தாளை மட்டும் நீ வைத்துக்கொள்.

ஐந்து பதிலும் எழுதிய பிறகு, இனிமேல் இந்தத் தவறு நடக்காமலிருக்க என்ன செய்தாய் என்று எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் வரும். அதைக் காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் நிதானமாக யோசித்தேன். எல்லாத் தொல்லைக்கும் காரணம் தூரம். குன்றத்தூருக்கும் தண்டலத்துக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இல்லாதிருந்தால் அந்தக் காரில் நான் கை வைக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. தூரத்தைச் சரிசெய்தால் போதும்.

நேற்று சந்திரம்மாளுக்குப் போன் செய்து, பெண்ணைப் பெத்தவள் என்று சொல்லிப் பேசினேன். தங்கமான மனுஷி. ரிட்டயரான பிறகு கீழ் போர்ஷனைப் பூட்டியே வைத்திருக்கிறாராம். வயதான தம்பதி, சத்தம் இருக்காது, டி.வி. மட்டும்தான், அதையும் குறைத்துக்கொள்வோம் என்றேன். இன்று மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து போய்ச் சாவியும் வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சாமானுக்கு நீதான் குட்டியானை வேன் ஏற்பாடு செய்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஒரு நடை முடிந்ததும் அதையே திருப்பி எங்கள் வீட்டுக்கு அனுப்பு. வினோதினிக்கு இப்போது சொல்ல வேண்டாம், பார்த்தால் அவளே சந்தோஷப்படுவாள். என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

மாடிக்குக் கரண்ட் போகும் ஃப்யூஸ் போர்டு கீழ் போர்ஷனில், சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. திறந்து பார்த்தேன். உள்ளே இடம் நிறைய இருக்கிறது.